பரலுக்கு மறியல்

ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் எங்கள் குறுந்தெருவில் பரல், அந்தத் தகரப் பீப்பாய், உருளும் சத்தம் கேட்டால் போதும், நாங்கள் எல்லோரும் வேலிப் படலைக்கு ஓடுவோம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடுவோம். அணைக்காமல் ஓடினால் அடுத்ததாக உருளப்போவது நம்முடைய பரல் என்பது எல்லோருக்கும் தெரியும். கடகடவென்று பரல் முன்னால் வரும். பின்னால் அவர் வருவார். சேலையை இடுப்பில் வரிந்து கட்டி, ஒரு காலால் தள்ளி, ஒரு கையால் திசை திருப்பி, முகம் முழுக்கக் கரியோடு வருவார். அவருக்குப் பின்னால் பரலின் சொந்தக்காரர் கெஞ்சிக்கொண்டு வருவார்.

“அக்கா, இந்த ஒருக்கா விடுங்கோ அக்கா.”

“ஒருக்கா எரிஞ்சது காணாதோ?”

“காத்து இல்லையெண்டுதானே மூட்டினனான்.”

“காத்து உன்னட்டைச் சொல்லிப்போட்டே வரும்? தள்ளி நில்.”

இவ்வளவுதான் விசாரணை. தீர்ப்பும் இதற்குள்ளேயே அடக்கம். பரல் அவருடைய வளவுக்குள் போகும். அங்கே நின்ற பூவரச மரத்தோடு நங்கூரக் கயிற்றால் கட்டிப் போடுவார். அதற்கு மறியல், அதாவது சிறை, என்று பெயர். அவருக்கு விதானையார் என்று பெயர். அரசாங்கம் கொடுத்த ஊர்த்தலைமைப் பதவியல்ல, நாங்கள் பகிடிக்கு வைத்தது. முகத்துக்கு நேரே அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் விதானையார் என்போம். அவருக்கும் அது தெரியும். கோபித்ததில்லை, கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இது யாழ்ப்பாணத்துக் குருநகரில், தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு நடந்தது. கரண்ட் போய்விட்டது. ஐஸ் இல்லை. கொழும்புக்கு லொறி இல்லை. கருவாடு போடலாமென்றால் உப்பு வருகிற பக்கம் சண்டை. கடலுக்குப் போகக் கிடைத்த நாட்களில் மீன் குவியும், பின்னேரத்துக்குள் பழுதாகிவிடும். அப்போதுதான் கப்பலில் வேலை செய்து திரும்பிய ஒருவர் புகைமீன் போடுகிற வித்தையை எங்கள் பக்கத்தில் பரப்பினார். தார் வந்த பழைய பரலை எடுத்து, அடியில் வாய் வெட்டி, மேலே கம்பிகளைக் குறுக்கே போட்டு, கடல் தண்ணீரில் ஊறவைத்த மீனை அதில் கோத்துத் தொங்கவிட வேண்டும். அடியில் பனங்கொட்டை ஊமலும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் புகைய வேண்டும், எரியக் கூடாது. மேலே ஈரச்சாக்கு. மத்தியானத்துக்குள் மீன் பொன்னிறமாகிவிடும். என்ன வாசம் அது! கோப்பாயிலிருந்து மரக்கறியோடு சைக்கிளில் வருகிறவர்கள் கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் இறக்கிவிட்டு, புகைமீனை வாழைச்சருகில் சுற்றிக்கொண்டு சந்தோசமாகப் போவார்கள்.

ஆனால் எங்கள் வீடு தென்னோலைக் கிடுகு, வேலி கிடுகு, குசினி கிடுகு. ஒரு கூரையின் நுனி அடுத்த கூரையை முட்டும். இதற்குள் பொம்மர் பயம் வேறு. வெளியில் புகை நேராக எழும்பினால், மேலே பறக்கிறவன் அதை இயக்கத்தின் காம்ப் என்று நினைத்துக் குண்டு போட்டுவிடுவான் என்று ஒரு கதை பரவியது. உண்மையோ பொய்யோ யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் நம்பினோம். அதனால் பரலைக் கொண்டுபோய்க் கூரைக்குக் கீழே வைப்பது வழக்கமாயிற்று. புகை கிடுகுக்குள்ளால் கசிந்து கலைந்து ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடுமாம். குண்டுக்குத் தப்புவதற்காக நெருப்பைத் தங்கள் கூரைக்குக் கீழேயே கொண்டுபோய் வைத்த புத்திசாலிகள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

நான் கல்யாணம் முடித்து அந்த ஒழுங்கைக்கு வந்தபோது ஒரு விசயம் கண்ணில் பட்டது. ஒரு பக்கத்து வீடுகளெல்லாம் பழைய கறுத்த கிடுகு. மற்றப் பக்கத்து வீடுகளெல்லாம் புதுக் கிடுகு, ஒரே நாளில் வேய்ந்தது மாதிரி ஒரே வெளிர் நிறம். எங்கள் வீடு பழைய பக்கத்தில். விதானையார் வீடு எதிர்ப்பக்கத்தில். காரணம் கேட்டேன். “பிறகு சொல்லுறன்” என்றார் என் கணவர். சொல்லவில்லை.

வந்த கையோடு எங்கள் பரலுக்கும் மறியல் கிடைத்தது. என் கணவர் பொம்மருக்குப் பயந்து அதைக் குசினியோடு சாய்த்து இறக்கிய கிடுகுப் பத்திக்குக் கீழே வைத்து மூட்டியிருந்தார். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டது.

“உதென்ன?”

“புகையக்கா. வெளியிலை வைச்சா மேலை நிண்டு கண்டிடுவான். இதுக்குள்ளை எண்டால் கூரைக்குள்ளாலை கலைஞ்சு போயிடும்.” இவர் ஏதோ பெரிய கண்டுபிடிப்புச் செய்ததுபோல விளக்கினார்.

“ஓமோம். கூரையும் சேந்து கலைஞ்சு போகும்.”

நான் வெளியே வருவதற்குள் அவர் மீன் முழுவதையும் கம்பியோடு தூக்கி என் சுளகில் வைத்துவிட்டார். ஒரு மீன்கூட மண்ணில் விழவில்லை. “மீனிலை குற்றமில்லை. இதை நீ வைச்சிரு பிள்ளை” என்றார். பிறகு பரலுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டி, சாக்கால் பிடித்துச் சரித்து, உருட்டத் தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரம்! புதுப்பெண் என்பதையெல்லாம் மறந்துவிட்டேன்.

“என்ரை வளவுக்குள்ளை வந்து என்ரை சாமானை எடுக்க நீங்கள் ஆர்?”

“உனக்கு முன்னாலை இருக்கிற வீட்டுக்காரி.”

“விடுங்கோ பரலை!”

“விடுறன். நாளைக்கு வந்து என்ரை நெருப்புக்குப் பக்கத்திலை குந்து. முடியுமட்டும் எழும்பாமல் இருந்தியெண்டால் விடுறன்.”

அதுதான் மீட்கிற வழி. பரல் பிடிபட்டவர், வேறொருவர் மீன் புகைக்கும்போது மூட்டியதிலிருந்து முடிகிற வரைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க எழும்பக் கூடாது. படலையில் யார் கூப்பிட்டாலும் எழும்பக் கூடாது. கடைசியில் சாம்பலுக்குத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் வெறும் உள்ளங்கையை வைத்துக் காட்ட வேண்டும். “வைக்கேலுமெண்டால் வீட்டை போ. ஏலாதெண்டால் இரு” என்பார். போகமாட்டேன் என்று அன்றிரவு சபதம் செய்தேன். ஆனால் பரல் இல்லாமல் பிழைப்பில்லை, காலையில் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குந்தினேன்.

போனால், அங்கே வேறு ஓர் ஆள்! சண்டைக்காரியைக் காணவில்லை. “வெயில் படுது, இஞ்சாலை அரக்கி இரு” என்றார். சூடை மீனில் நெய் அதிகம், அது சொட்டினால் குப்பென்று பற்றும் என்று சொன்னார். அதற்காக நெருப்புக்கும் மீனுக்கும் நடுவே ஓட்டை போட்ட ஒரு தகரம் வைத்திருந்தார். நெய் பற்றினால் மண்தான் போட வேண்டும், தண்ணீரை ஊற்றினால் வீட்டைத் தேடி ஓடும் என்றார். வளவின் நடுவில், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, ஒரு கம்பில் பழைய சாறத் துணித் துண்டு ஒன்று பறந்தது. அது வீடுகளின் பக்கம் பறந்தால் அன்றைக்கு ஒழுங்கையில் யாரும் பரல் மூட்ட முடியாது. எங்கள் எல்லோருடைய சோறும் அந்தச் சாறத் துண்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய கணவர் வந்து ஒரு வாளி தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். வாளியை விரல்களால் பிடிக்காமல் முழங்கையில் கொழுவிக்கொண்டு வந்ததைக் கவனித்தேன். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரைக்கும் வெந்து சுருங்கி இருந்தன. நான் பார்ப்பதை அக்கா கண்டுவிட்டார்.

“உது சம்மாட்டியாரின்ரை பரலாலை வந்தது” என்றார்.

சம்மாட்டியார் என்றால் வள்ளமும் வலையும் வைத்திருந்த பெரிய மனிதர். ஒழுங்கையின் ஆண்கள் எல்லோரும் அவரிடம்தான் தொழிலுக்குப் போனார்கள். அவர் தன் பரலை வேலியோடு சேர்த்து வைத்து மூட்டியிருந்தாராம். காற்று அடித்துக்கொண்டிருந்ததாம்.

“நானும் கண்டனான். இந்த ஒழுங்கையிலை எல்லாரும் கண்டவை. ஆர் சொல்லுறது? அவர் கோவிச்சால் தொழில் போயிடும். முகம் பாத்தம் பிள்ளை. முகம் பாத்துப் பாத்து நிண்டம். எங்கடை பக்கம் முழுக்க எரிஞ்சு போட்டுது. இந்த மனுசன் வலையை எடுக்கிறன் எண்டு உள்ளுக்கை ஓடினவர். இண்டைக்கும் அந்தக் கையாலை கயிறு பிடிக்கேலாது.”

“சம்மாட்டியார் ஒண்டும் செய்யேல்லையோ?”

“அந்தாளிலை எனக்குக் கோவமில்லை. அவருக்கு விளங்கேல்லை, வைச்சார். எங்களுக்கு விளங்கினது. விளங்கியும் பேசாமல் நிண்ட நாங்கள்தான் எரிச்சனாங்கள்.”

புதுக் கிடுகின் கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்குச் சாம்பலில் கையை வைத்தபோது எனக்குக் கோபம் துளிகூட இல்லை. அதற்குப் பிறகு நான்தான் ஒழுங்கையில் விதானையாரின் முதல் ஆள். அவர் பரல் உருட்டும்போது முன்னால் ஓடி ஆட்களை விலக்குவது என் வேலை. அதில் எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது!

யாருக்கும் முகம் பார்க்கமாட்டார் என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை. சுவாமியார் பிரசங்கத்தில் இருக்கிறார். எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா மூக்கைச் சுளித்தார். மீன் புகையையும் கிடுகுப் புகையையும் அந்த மூக்கு பிரித்தறியும். “கிடுகு” என்று மெதுவாகச் சொன்னார். எழுந்தார். சனங்களை விலக்கிக்கொண்டு பக்கத்து வாசலால் போய்விட்டார். சுவாமியார் பொறுமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே கடகடவென்று சத்தம்! கோயிலுக்குள் இருந்த எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். யாருடையது என்பதுதான் தெரியாது. சத்தம் சுவாமியாரின் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்ததும், அவர் பிரசங்கத்தை நிறுத்தி, கண்ணை மூடி, “என்ரை பரல்” என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது. அடுத்த நாள் வெள்ளை அங்கியோடு அக்காவின் நெருப்புக்குப் பக்கத்தில் அவர் ஒழுங்காகக் குந்தியிருந்தார். அன்று பின்னேரம் செபமாலைக்கு அவர் வந்தபோது பீடம் வரைக்கும் சூடை மணத்தது.

இயக்கப் பெடியளின் பிக்கப் ஒன்று ஒருநாள் ஒழுங்கைக்குள் வந்து, புகைந்துகொண்டிருந்த ஒரு பரலுக்குப் பக்கத்தில் நின்றது. அந்த நாளில் வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடும், பின்னால் கான்களில் அதுவே அடுக்கியிருக்கும். துவக்கோடு இருந்தவர்களைப் பார்த்து நாங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றோம். அக்கா நேரே போனார். “தம்பியவை, எஞ்சினைத் தொடாதையுங்கோ. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கோ.” பொறுப்பாக வந்தவன் இறங்கினான். பரலைப் பார்த்தான், கான்களைப் பார்த்தான், அக்காவையும் பார்த்தான். “ஓமக்கா” என்று சொல்லிவிட்டு வந்த எல்லோரும் சேர்ந்து ஒழுங்கை முனை வரைக்கும் தள்ளினார்கள்.

இப்படிப்பட்டவரின் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு மகள் இருந்தாள். ஒரே மகள். வடிவான, அமைதியான பெட்டை. தையல் மெசினில் ஒழுங்கைக்கே சட்டை தைத்துக் கொடுப்பாள். நல்ல இடமொன்று வந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமன் சுருட்டைப் பற்றவைத்து, குறையை வேலிப் பக்கம் எறிந்துவிட்டார். அக்கா அதை எடுத்து வந்து, அவர் முன்னால் தண்ணீரில் நனைத்து, அவருடைய கையிலேயே திரும்பக் கொடுத்தார். வந்தவர்கள் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அந்தப் பிள்ளை நாட்கணக்காக அழுதது. அக்காவும் அழுதார். “இனி உன்ரை காரியத்திலை நான் வாய் திறக்கமாட்டன்” என்று மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாக என்னிடம் சொன்னார்.

பிறகும் ஓர் இடம் வந்தது. வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து, ஒரு கோயில் வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்த குடும்பம். தொழிலாளிப் பையன். தாய் மட்டும்தான். பொம்மர் அடித்து வீடு எரிந்து, கையில் கிடைத்ததோடு வந்தவர்கள். அந்த அம்மா வந்து பெட்டையைப் பார்த்தார், தைத்த சட்டையைத் திருப்பிப் பார்த்தார். “சீதனம் ஒண்டும் வேண்டாம்” என்றார். கையில் ஒன்றுமில்லாத வீட்டில், தகப்பனின் இரண்டு கையும் போன வீட்டில், அந்த ஒரு சொல்லுக்கு என்ன பெறுமதி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒழுங்கை முழுக்கத் துள்ளிக் குதித்தோம். இதுவும் கைவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைக்கு இனி ஒன்று வராது என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

கல்யாணக் கிழமை. சோளகக் காற்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. சாறத் துண்டு எங்கள் வீட்டுப் பக்கம் விறைப்பாகப் பறந்தது, ஒருவரும் பரல் மூட்டவில்லை. காலையில் மாப்பிள்ளையின் தாய் ஒரு கடகம் நிறையப் பாரை மீனோடு வந்து இறங்கினார். மகன் பிடித்த மீன். கல்யாணச் சாப்பாட்டுக்குத் தன் கையாலேயே புகைத்துக் கொடுப்பதாக மகனுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அக்கா கிணற்றடிக்குப் போயிருந்தார். மகள் உள்ளே தன் கல்யாணச் சட்டைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தாள், மெசின் சத்தத்தில் வெளியே நடப்பது அவளுக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா ஒருவரையும் கரைச்சல்படுத்தவில்லை. வளவில் நின்ற பரலைத் தானே உருட்டிக்கொண்டுபோய், குசினிப் பத்திக்குக் கீழே நிமிர்த்தி, ஊமலைப் போட்டு மூட்டினார். வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மீனைக் கோக்கத் தொடங்கினார்.

நான் என் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். யார் போய்ச் சொல்வது? சம்பந்தி அம்மா! சீதனம் வேண்டாமென்று சொன்ன அம்மா! விதானையார் வரட்டும் என்று எல்லோரும் நின்றோம்.

அக்கா குடத்தோடு வந்தார். படலைக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பரலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சாறத் துண்டைப் பார்த்தார். மெசின் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சம்பந்தியம்மா, களைச்சுப் போனியள்” என்றார் அக்கா. “தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

குடத்தோடு உள்ளே போய்விட்டார்!

என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. சுவாமியாருக்குப் பார்க்காத முகத்தை, துவக்குக்குப் பார்க்காத முகத்தை, அக்கா இன்றைக்குப் பார்த்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தாய்தானே என்று நெஞ்சு கரைந்தது. அதேநேரம் காற்று என் வீட்டுப் பக்கம்தான் அடிக்கிறது என்பதும் தெரிந்தது. என் கணவர் சத்தம் போடாமல் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார். மற்றவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மெசின் நின்றது. மகள் வெளியே வந்தாள். அவளும் தாய் பார்த்த அதே வரிசையில் பரலையும் கூரையையும் பார்த்தாள். நேரே நடந்துபோனாள்.

“மாமி, எழும்புங்கோ.”

“ஏன் பிள்ளை?”

“இதுக்குள்ளை மூட்டக் கூடாது மாமி. இந்த ஒழுங்கையின்ரை சட்டம்.” மீன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடகத்தில் வைத்தாள். கைநிறைய மண்ணை அள்ளிப் பரலுக்குள் போட்டாள்.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “சட்டமோ? மேலாலை வாறவனுக்கு உன்ரை சட்டம் தெரியுமோ? எங்கடை வீட்டை எரிச்சது அடுப்பில்லைப் பிள்ளை. வெளியிலை புகை போட்டு உங்களையும் எரிக்கச் சொல்லுறியோ?”

அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார். “எடி, விடடி! உனக்கென்ன விசரோ? மாமியோடை கதைக்கிற கதையே இது? விடடி எண்டுறன்!”

“அம்மா, நீங்கள் கண்டனீங்களோ இல்லையோ?”

அக்கா வாய் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன். பத்தியின் நுனியில், கிடுகு இதழ் ஒன்றில், சின்னதாக ஒரு வெளிச்சம் ஓடியது!

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. கோப்பை விழுந்து உடைந்தது. அக்கா பரலின் விளிம்பில் கால் வைத்து ஏறி, எரிகிற கிடுகை வெறுங்கையால் பிடுங்கிக் கீழே எறிந்தார். மகள் அதை மிதித்தாள். நாங்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தோம். என் கணவர் வாளியோடு வந்தார், அக்காவின் கணவர் இரண்டு முழங்கையாலும் ஈரச்சாக்கை இடுக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவும் கடகத்து மீனைக் கவிழ்த்துவிட்டு, அதே கடகத்தில் மண்ணை அள்ளி அள்ளிக் கொண்டுவந்தார். காற்று ஒருமுறை பலமாக அடித்தது. பத்தி சரிந்து விழுந்தது. அவ்வளவுதான், அணைந்துவிட்டது! வீடு தப்பியது. ஒழுங்கை தப்பியது. எங்களுக்கு ஒரே கூச்சல், ஒரே இருமல், ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கிறோம்.

அக்கா மட்டும் கரிக்கு நடுவில் அசையாமல் நின்றார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

“சம்பந்தியம்மா, உங்களுக்குத் தெரியாது, வைச்சனீங்கள். எனக்குத் தெரியும். நான் கண்டனான். கண்டும் உள்ளுக்கை போனனான். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்காக இந்த ஒழுங்கையை எரியவிடப் பாத்தனான். குற்றம் என்ரை.”

பரலை அவரே உருட்டினார். பூவரசில் அவரே கட்டினார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. அந்த அம்மா மண் ஒட்டிய மீனைப் பொறுக்கிக் கடகத்தில் போட்டார். தலையில் தூக்கினார். திரும்பிப் பார்க்காமல் படலையால் போய்விட்டார்.

கல்யாணம் போச்சுது என்று நினைத்தோம். அன்று முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மகள் கிணற்றுக் கட்டில் இருந்தாள், அழவில்லை. “நான் செய்தது பிழையோ அக்கா?” என்று என்னிடம் கேட்டாள். “இல்லையடி” என்றேன்.

மறுநாள் விடியக் காற்று விழுந்திருந்தது. நான் முற்றத்தின் நடுவில் என் பரலை மூட்டினேன். அக்கா வந்து பக்கத்தில் குந்தினார், தன் பரலை மீட்க. உள்ளங்கைகளில் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார். முகம் ஒரே நாளில் வாடிப்போயிருந்தது.

படலை திறந்தது. அந்த அம்மா! தலையில் அதே கடகம். மீன் கழுவிக் கடல் தண்ணீரில் ஊறி மினுங்கியது. எங்களைக் கேட்காமலே கம்பிகளில் கோத்துத் தொங்கவிட்டு, நெருப்புக்கு மற்றப் பக்கத்தில் குந்தினார்.

“பரல் உங்கடை எண்டாலும் மூட்டினது நான்தானே” என்றார். “எனக்கும் இருக்க வேணும்தானே?”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். வெகுநேரம் மூன்று பேரும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஒருமுறை வானத்தைப் பார்த்தேன், அந்த அம்மா பலமுறை பார்த்தார். புகை மெல்லிசாக, ஒரு அடுப்புப் புகை அளவுக்குத்தான் போனது.

“நாங்கள் இருக்கிற கோயில் வளவிலை கொட்டில் எல்லாம் ஒண்டோடை ஒண்டு ஒட்டினபடி” என்று அந்த அம்மா மெதுவாகத் தொடங்கினார். “எல்லாரும் உள்ளுக்கைதான் மூட்டுகினம். குழந்தையள் படுத்துக் கிடக்க, பக்கத்திலை மூட்டுகினம். நானும் அப்பிடித்தான். ஒருத்தரும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லுறேல்லை. எல்லாரும் இழந்துபோய் வந்த சனம், என்னெண்டு சொல்லுறது?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“சீதனம் வேண்டாமெண்டு சொன்னனான். இப்ப ஒண்டு கேக்கப்போறன்.”

அக்காவின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் போய்விட்டது. “கேளுங்கோ” என்றார்.

“உங்கடை பெட்டைக்குச் சொல்லி அனுப்புங்கோ. எங்கடை வளவிலை ஆரின்ரை நெருப்பெண்டாலும் அவள் போய்ப் பிடிக்கலாம். முதலிலை என்ரை. உங்களை மாதிரித் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டுக்கொண்டு உள்ளுக்கை போகக் கூடாது.”

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதுவரைக்கும் சம்பந்தியம்மா, சம்பந்தியம்மா என்று பயந்து பயந்து கூப்பிட்டவர், உரிமையோடு “ஓம் மச்சாள்” என்றார்.

எனக்கு வந்த சந்தோசத்தில் கை தட்ட வேண்டும்போல இருந்தது. தட்டியே விட்டேன்.